பேரில்லாதவளின் வேலைநிறுத்தம்

அக்காவின் கோல் வந்தபோது நான் முரண்பாட்டைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தேன். ஹட்டனில் ஒரு பலசரக்குக் கடையின் மேல்மாடி அது. ஞாயிற்றுக்கிழமை பின்னேரங்களில் ஏழெட்டுப் பேர் அங்கே கூடி மார்க்சிய அரசியல் பொருளாதாரம் வாசிக்கிறோம். தோட்டத்திலிருந்து படித்து வெளியே வந்தவர்கள்தான் எல்லோரும். ஒருவர் தபால் கந்தோரில் வேலை, இரண்டு பேர் ஆசிரியைகள், ஒருவர் ஆட்டோ ஓட்டுகிறார். வகுப்பை நடத்துவது நான். வாரநாட்களில் உயர்தர மாணவர்களுக்கு அரசறிவியல் டியூஷன் சொல்லிக்கொடுத்துப் பிழைப்பவள், அதனால் பேச்சுக்குப் பஞ்சமில்லை.

கடைக்காரர் முஸ்லிம் பெரியவர். ஊரே அவரை முதலாளி என்றுதான் கூப்பிடும். வெங்காய மூட்டைக்கும் கருவாட்டுப் பெட்டிக்கும் நடுவே உட்கார்ந்து நாங்கள் முதலாளித்துவத்தைக் கிழிகிழி என்று கிழிப்போம், அவர் கீழேயிருந்து பிளேன்டீ அனுப்புவார். "டீச்சர், என்னைய ஒழிக்கிறதுக்கு என்ட மாடியிலேயே கூட்டம் போடுறீங்க, டீயும் நான்தான் அனுப்பணும்" என்று ஒவ்வொரு வாரமும் அதே பகிடி. நாங்களும் ஒவ்வொரு வாரமும் சிரிப்போம். மாடிக்கு வாடகை வாங்காத மனிதர், சிரிக்காமல் இருக்க முடியுமா?

முரண்பாடு என்றால் இரண்டு பேர் எதிரெதிரே நின்று சண்டை போடுவது மட்டுமில்லை என்று அன்றைக்குச் சொல்லிக்கொண்டிருந்தேன். ஒன்றுக்குள்ளேயே இரண்டு இருப்பது. அந்த இரண்டும் பிரிந்து போகவும் முடியாது, சேர்ந்து நிம்மதியாக இருக்கவும் முடியாது. தொழிலாளி இல்லாமல் முதலாளிக்கு இலாபம் இல்லை, முதலாளி இல்லாமல் தொழிலாளிக்கு அன்றைய சோறு இல்லை. இந்த இழுபறிதான் ஒரு கட்டத்தில் பழைய உறவையே உடைத்துச் சமூகத்தை அடுத்த இடத்துக்குத் தள்ளுகிறது. இதைச் சொல்லும்போது எனக்குக் கை தானாக ஆடும். குரலும் கொஞ்சம் ஏறும்.

அப்போதுதான் போன் அதிர்ந்தது. ஞாயிறு பின்னேரம் எனக்கு வகுப்பு என்று அக்காவுக்குத் தெரியும், அந்த நேரத்தில் கூப்பிடவே மாட்டாள். தோட்டத்திலிருந்து நேரம் தப்பிக் கோல் வந்தால் யாரோ செத்துப்போய்விட்டார்கள் என்றுதான் முதலில் நினைப்பேன். சின்ன வயசிலிருந்தே அப்படி ஒரு பயந்த பிறவி நான்.

"கையத் தூக்கிட்டேன்டி" என்றாள் அக்கா.

"எந்தக் கைய? என்னா ஆச்சு?"

"ஸ்ட்ரைக்குக்கு. கோயிலடியில கூட்டம் வச்சாங்க. யாரெல்லாம் சம்மதம்னு கேட்டாங்க. நான்தான் மொதல்ல தூக்குனேன்."

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. பிறகுதான் அவள் ஏன் சிரிக்கவில்லை என்று புரிந்தது. அக்காவுக்கு வேலைநிறுத்தம் செய்ய வேலையே கிடையாது.

இதைக் கொஞ்சம் விளக்க வேண்டும். அக்கா மஸ்கெலியாப் பக்கம் ஒரு தோட்டத்தில், நாங்கள் பிறந்த அதே வரிசைவீட்டு லயத்தில் இருக்கிறாள். மச்சான் கொழும்பில் ஒரு சாப்பாட்டுக் கடையில் வேலை செய்கிறார், மாதத்துக்கு ஒருதடவை வந்து போவார். ஒரே மகள், ஓ லெவல் பரீட்சைக்குப் படிக்கிறாள். அக்கா இருபது வருசத்துக்கும் மேலாகக் கொழுந்து பறித்தவள். போன வருசம் கம்பனி ஒரு புதுத் திட்டம் கொண்டுவந்தது. தேயிலை மலையைத் துண்டு துண்டாகப் பிரித்து, விரும்புகிற குடும்பத்துக்கு ஒரு துண்டைக் கொடுக்கிறது. செடியை அவர்களே பராமரித்துப் பறித்துக்கொள்ள வேண்டும். ஆனால் கொழுந்தைக் கம்பனிக்குத்தான் கொடுக்க வேண்டும், கிலோவுக்கு இவ்வளவு என்று காசு வரும். நாட்சம்பளம் கிடையாது, தோட்டத்துப் பதிவிலிருந்து பேரை எடுத்துவிடுவார்கள். வாரத்துக்கு ஒருதடவை பறித்தே ஆக வேண்டும். பறிக்காமல் விட்டால் மலையைக் கைவிட்டதாக எடுத்துக்கொண்டு கம்பனி திரும்ப வாங்கிக்கொள்ளும்.

தோட்டத்தில் பேர் என்றால் வேலை. அன்றைக்குக் கேட்கிற அளவு கொழுந்து பறித்தால் முழுப்பேர், குறைந்தால் அரைப்பேர், அதாவது பாதிச் சம்பளம். லயத்தில் குடும்பத்துக்கு ஒன்றாகக் கிடைக்கும் காம்பரா என்கிற அறையும் பேர் உள்ளவர்களுக்குத்தான் என்பது எழுதப்படாத சட்டம். அக்கா பேரைக் கொடுத்துவிட்டு மலையை வாங்கிக்கொண்டாள். நான் சண்டை போட்டேன். "இனிமே நீ ஒனக்கே கூலியாகப் போற" என்று கத்தினேன். "இத்தன வருசம் அடுத்தவனுக்குக் கூலியா இருந்தேனே, அப்ப எங்க போயிருந்த?" என்று திருப்பிக் கேட்டாள். அதற்கு ஏதாவது ஒரு புத்தகத்தில் பதில் இருந்திருக்கும்.

மலை கைக்கு வந்த பிறகு அக்கா மாறித்தான் போனாள். முன்பெல்லாம் வீட்டுக்கு வரும் வழியில் காய்ந்த தேயிலைக் கொம்பை விறகுக்கு முறித்துக்கொண்டு வருவாள். இப்போது அவளுடைய துண்டில் வேறு யாராவது ஒரு கொம்பை முறித்தால் அன்றைக்குப் பூராவும் புலம்புவாள். ஆள் கணக்கெடுக்கிற காலைப் பெரட்டுக்கு அவள் போகத் தேவையில்லை, ஆனாலும் பெரட்டுக்குக் கொம்பு ஊதும் முன்பே மலையில் நிற்பாள். மகளைப் பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் பறிக்கக் கூப்பிடுவாள். ஞாயிற்றுக்கிழமைகளில் அடுத்த காம்பராவில் இருக்கும் சிநேகிதியை, அவளுடைய கூட்டாளியை, கூலிக்கு வைத்துப் பறிப்பாள். இரண்டு பேரும் ஒரே நாளில் கொழுந்துக்குப் பேர் பதிந்தவர்கள். ஒரே சுவருக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமுமாகக் குடித்தனம் நடத்துகிறவர்கள். தேங்காய் திருவியோ நெருப்புப் பெட்டியோ வேண்டுமென்றால் சுவரில் தட்டுவார்கள், அவ்வளவுதான்.

இதையெல்லாம் பார்க்க எனக்கு, உண்மையைச் சொன்னால், கொஞ்சம் சந்தோசமாகக்கூட இருந்தது. முரண்பாடு ஒரே ஆளுக்குள் இருக்கும் என்று சொல்வதற்கு என் சொந்த அக்காவைவிட நல்ல உதாரணம் கிடைக்குமா? மார்க்சியம் படிப்பிக்கிறவர்கள் எல்லோரும் கொதிக்கிற தண்ணீரைத்தான் உதாரணம் சொல்வார்கள், சூடு ஏறி ஏறி ஒரு கட்டத்தில் ஆவியாகும் என்று. எங்கள் குளிருக்குக் கேத்தல் கொதிப்பதற்குள் வகுப்பே முடிந்துவிடும். எனக்குக் கிடைத்ததோ உயிருள்ள உதாரணம். மேல்மாடியில் இரண்டு வாரம் அக்காவைப் பற்றியே பேசினேன், பேரைச் சொல்லாமல்.

கோயிலடியில் அந்தக் கூட்டம் நடந்ததற்குக் காரணம், ஒரு நாளைக்குப் பறிக்க வேண்டிய அளவைக் கம்பனி கூட்டியதுதான். வெயில் காலத்தில், கிழட்டுச் செடியில், அந்த அளவுக்குப் பறிக்க யாராலும் முடியாது. பாதிப் பேருக்குத் தினமும் அரைப்பேர்தான் விழும். அக்காவின் கூட்டாளிதான் தோட்டத்துச் சங்கத்தில் பெண்களுக்குத் தலைவி. அவள் எழுந்து நின்று, "மலைக்கு எறங்க மாட்டோம், யாரெல்லாம் சம்மதம்?" என்று கேட்டிருக்கிறாள். இருபது வருசப் பழக்கம். அக்காவின் கை தானாக மேலே போய்விட்டது. கூட்டத்தில் ஒருத்தர்கூடச் சிரிக்கவில்லையாம். அவளுக்குப் பேர் இல்லை என்பது அந்த நேரத்தில் யாருக்குமே ஞாபகம் வரவில்லை. திரும்பி வரும்போது பாதி வழியில்தான் கூட்டாளி நின்று, "ஏன்டி, நீ எதுக்குக் கையத் தூக்குன? ஒனக்குத்தான் பேரே இல்லையே" என்று கேட்டாளாம்.

"நீ என்னா சொன்ன?" என்றேன் போனில்.

"என்னாத்தச் சொல்றது? தூக்குனது தூக்குனதுதான். எல்லாரும் பாத்துட்டாங்க."

எங்கள் பக்கத்தில் வேலைநிறுத்தம் என்றால் கொழுந்துதான் ஆயுதம். நாம் கோசம் போட்டாலும் போடாவிட்டாலும் செடி சும்மா இருக்காது. நாள் போகப் போகக் கொழுந்து நீளும், முத்தும், இலை தோலாகி எதற்கும் உதவாமல் போகும். ஒவ்வொரு நாளும் கம்பனிக்குத்தான் நட்டம். நான் சின்னப்பிள்ளையாக இருந்தபோது வேலைநிறுத்த நாட்களில் மலை வளர்வதைப் பார்த்துச் சந்தோசப்படுவோம். செடியும் நம்ம பக்கம் என்று பெரியவர்கள் சொல்வார்கள். இப்போது அக்காவின் துண்டிலும் அதே கொழுந்து முத்துகிறது, அந்த நட்டம் அவளுடையது. ஆயுதத்தை எந்தப் பக்கம் திருப்பிப் பிடித்தாலும் அது அவளைத்தான் குத்துகிறது.

அடுத்த ஞாயிறு வகுப்பில் என்னால் சரியாகப் பேச முடியவில்லை. முதலாளித்துவம் தொழிலாளர்களை ஒரே இடத்தில் குவித்துத் தனக்குக் குழி தோண்டுகிறவர்களைத் தானே உண்டாக்குகிறது என்று நாங்கள் படிக்கிறோம். பெரட்டுக் களத்தில் நூறு பேரை வரிசையாக நிறுத்தினால் அந்த நூறு பேரும் ஒரு நாள் சேர்ந்து வாய் திறப்பார்கள், உண்மைதான். ஆனால் கம்பனிக்காரனுக்கும் இது தெரியாமலா இருக்கும்? அவன் பெரட்டையே கலைக்கத் தொடங்கிவிட்டான். ஆளுக்கொரு துண்டைக் கொடுத்து, ஆளை ஆளிடமிருந்து பிரிக்கிறான். எங்கள் வகுப்புக்கு வராமலேயே முரண்பாட்டை எங்களைவிட நன்றாகப் படித்திருக்கிறான். இதைச் சொன்னதும் ஆட்டோக்காரர், "அப்ப ஒங்க உதாரணத்துல வர்ற அந்த அம்மா பறிப்பாங்களா, மாட்டாங்களா?" என்று கேட்டார். எனக்குச் சுர்ரென்று கோபம் வந்தது. "அவங்க உதாரணம் இல்ல, என் அக்கா" என்றேன். முதலாளிகூடக் கீழேயிருந்து எட்டிப் பார்த்தார்.

தோட்டத்தில் அக்கா இருக்கும் டிவிசனில் மலை வாங்கியவர்கள் அவளோடு மூன்று குடும்பம். மற்ற இரண்டு குடும்பமும் கை தூக்கவில்லை. வேலைநிறுத்தத்துக்கு நடுவிலேயே பறித்து லொறிக்குப் போட்டார்கள். யாரும் அவர்களை அடிக்கவோ ஏசவோ இல்லை. ஆனால் பீலிக்குத் தண்ணீர் எடுக்கப் போனால் மற்றப் பெண்கள் குடத்தைத் தூக்கிக்கொண்டு தள்ளிப்போய் நிற்கிறார்களாம். அதில் ஒரு வீட்டில் ஒரு பிள்ளை பிறந்திருந்தது, பார்க்க யாரும் போகவில்லை. அக்கா இதைப் போனில் சொன்னபோது அவளுடைய குரல் உள்ளே போய்க்கொண்டே இருந்தது.

இரண்டாவது வாரச் சனிக்கிழமை நான் பஸ் ஏறினேன். முதலாளி ஒரு பையில் அரிசியும் பருப்பும் கட்டிக் கொடுத்தார். "ஸ்ட்ரைக் நீண்டா எங்களுக்கும் யாவாரம் படுத்துடும் டீச்சர். சம்பளம் வந்தாத்தானே ஹட்டன்ல கடை இருக்கும்" என்றார். பகிடி எதுவும் விடவில்லை. அவர் பகிடி விடாதது எனக்கு இன்னும் பயமாக இருந்தது.

நோர்வூட் தாண்டியதும் மலையைப் பார்த்துக்கொண்டே வந்தேன். ஒரே மட்டத்துக்கு நிற்க வேண்டிய செடிகள் ஒழுங்கில்லாமல் மேலே கிளம்பியிருந்தன. இளம்பச்சை போய் ஒரு கரும்பச்சை ஏறியிருந்தது. எந்தப் பக்கம் நின்று அதைப் பார்ப்பது என்று தெரியவில்லை. மனசு ஒரு வளைவில் சந்தோசப்பட்டது, அடுத்த வளைவில் அக்காவின் துண்டை நினைத்துப் பதறியது. மஸ்கெலியாவில் இறங்கும்போது தலை வலித்தது.

அக்கா வாசலிலேயே நின்றிருந்தாள். என்னைக் கண்டதும் முதலில் சொன்னது, "கணக்கப்புள்ள ஐயா வந்துட்டுப் போறாரு" என்பதுதான். மலை வேலையைப் பார்க்கிற தோட்டத்து ஊழியர் அவர். நல்ல மாதிரியாகத்தான் பேசினாராம். "ஸ்ட்ரைக்குக்கும் ஒங்களுக்கும் என்னங்க சம்பந்தம்? ஒங்க மலை, ஒங்க கொழுந்து. போன வாரம் பறிக்காததக் கண்டுக்காம வுட்டுட்டேன். நாளைக்குக் காலையில லொறி வரும். மலை பறிச்சிருக்கணும். இல்லாட்டி கைவிட்ட மலைன்னு மேலுக்குச் சொல்ல வேண்டி வரும். அப்புறம் என்னையக் குத்தம் சொல்லக் கூடாது." அவர் போன பிறகு அக்கா உலையில் அரிசி போட மறந்து வெறும் தண்ணீரைக் கொதிக்க வைத்துக்கொண்டிருந்தாள்.

மலை போனால் அக்காவுக்கு என்ன மிஞ்சும் என்று நினைத்துப் பார்த்தேன். பேர் ஏற்கெனவே போய்விட்டது. பேரும் இல்லை, மலையும் இல்லை என்றால் காம்பராவை விடச் சொன்னால்கூடக் கேட்க ஆள் இருக்காது. மச்சான் கொழும்பில் கடைக்குள்ளேயே தூங்குகிறார். மகளுக்குப் பரீட்சை வருகிறது. பறித்தாலோ, சுவருக்கு அந்தப் பக்கம் என்று ஒன்று இல்லாமல் போகும். லயத்தில் நல்லது கெட்டதுக்கு ஆள் வராமல் வாழ முடியாது. அதை எனக்கு யாரும் வகுப்பெடுத்துச் சொல்ல வேண்டியதில்லை, நான் அங்கேதான் பிறந்தேன்.

"நீ சொல்லு. நீதானே படிச்சவ. பறிக்கிறதா, வேணாமா?" என்றாள் அக்கா.

என்னிடம் எத்தனையோ இருந்தது. உற்பத்தி உறவு என்று தொடங்கலாம். சிறு உடைமையாளரின் ஊசலாட்டம் என்று ஒரு முழு வகுப்பே எடுத்திருக்கிறேன். ஊசலாடுகிறவளைக் குறை சொல்லிக்கூடப் பேசியிருக்கிறேன். முரண்பாடுதான் சமூகத்தை நகர்த்தும் என்பதை இன்றைக்கும் நம்புகிறேன். ஆனால் அது நகரும்போது யாருடைய முதுகில் ஏறி நகரும் என்று நான் அதுவரை கேட்டுக்கொண்டதே இல்லை. எனக்கு அழுகை வந்தது. "தெரியலக்கா" என்றேன்.

பொழுது சாயும் நேரம் கூட்டாளி வந்தாள். சுவரில் தட்டாமல், வாசல் பக்கமாகச் சுற்றிக்கொண்டு வந்தாள். "எப்ப வந்த தங்கச்சி?" என்று என்னைக் கேட்டுவிட்டு அடுப்புப் பக்கத்தில் குந்தினாள். அக்கா தேத்தண்ணி ஊற்றிக் கொடுத்தாள். கொஞ்ச நேரம் மழையைப் பற்றிப் பேசினார்கள். பிறகு கூட்டாளி கோப்பையைக் கீழே வைத்தாள்.

"நாளைக்கு லொறி வருதாமே."

"வருதாம்."

"நீ பறிச்சா நான் ஒன்ன ஒரு வார்த்தை ஏச மாட்டேன். ஒன் கஷ்டம் எனக்குத் தெரியாதா? ஆனா அதுக்கப்புறம் பேச மாட்டேன். பேசுனேன்னா அடுத்த நாளு எல்லாரும் எறங்கிருவாங்க. இவளே பேசுறா, அப்ப பறிச்சாத் தப்பில்லன்னு."

"தெரியும்" என்றாள் அக்கா.

"கோவிச்சுக்காத."

"கோவமில்ல."

கூட்டாளி போய்விட்டாள். இரண்டு பேரும் கத்திச் சண்டை போட்டிருந்தால்கூட நான் நிம்மதியாக இருந்திருப்பேன். சண்டை என்றால் சமாதானம் என்று ஒன்று இருக்கும். ஒருத்தி சொன்னதை மற்றவள் முழுசாகப் புரிந்துகொண்டு தலையாட்டுகிற இடத்தில் சமாதானத்துக்கு என்ன வேலை?

ஞாயிறு விடிந்ததும் அக்கா சேலை நனையாமலிருக்க இடுப்பில் படங்கைக் கட்டிக்கொண்டு கொழுந்துச் சாக்கை எடுத்தாள். நான் பின்னாலேயே போனேன். லயத்து வாசல்களில் பெண்கள் வந்து நின்றார்கள். எங்களோடு சின்ன வயசில் விளையாடியவர்கள், என் டியூஷனில் படித்த ஒரு பிள்ளையின் அம்மா. யாரும் எங்களைக் கூப்பிடவில்லை. நாங்கள் கடந்து போனதும் பின்னால் வரத் தொடங்கினார்கள். எத்தனை பேர் என்று திரும்பிப் பார்க்க எனக்குத் தைரியம் வரவில்லை. கூட்டாளி முன்னால் வந்தாள். வேலைநிறுத்த நாளில் யாரும் மலைக்குள் காலை வைக்கக் கூடாது, விறகுக்குக்கூட. அதனால் எல்லோரும் ரோட்டு ஓரத்தோடு நின்றுவிட்டார்கள். அக்கா மட்டும் மலைக்குள் இறங்கினாள்.

அவள் பறிக்கத் தொடங்கினாள். இரண்டு கையும் அப்படி ஓடின. முத்திய கொழுந்து முறியும்போது சடக் சடக் என்று சத்தம் வரும், அந்தச் சத்தம் ரோட்டில் நிற்கிறவர்கள் எல்லோருக்கும் கேட்டிருக்கும். நான் கூட்டாளியின் முகத்தைப் பார்த்தேன். அவள் அக்காவைப் பார்க்கவில்லை, தன்னுடைய காலைப் பார்த்துக்கொண்டிருந்தாள். முடிந்தது, எல்லாம் முடிந்துபோனது என்று நினைத்தேன். ரோட்டிலேயே உட்கார்ந்துவிட்டேன்.

யாரோ ஒரு பெண்தான் முதலில், "இங்க பாரு, கீழ போடுறா" என்று சொன்னாள்.

அக்காவின் சாக்கு தட்டையாகவே தொங்கியது. பறிக்கிற கொழுந்தை அவள் முதுகுப் பக்கம் எறியவில்லை, செடிக்கு அடியில் போட்டுக்கொண்டே போனாள். வேலைநிறுத்தம் முடிந்து மலைக்கு இறங்கும் முதல் நாள் எல்லோரும் செய்கிற வேலைதான் அது. முத்தியதை முறித்துக் கீழே தள்ளி, செடியை மட்டத்துக்குக் கொண்டுவந்தால்தான் அடுத்த கொழுந்து ஒழுங்காக வரும். அதை அக்கா வேலைநிறுத்தத்துக்கு நடுவிலேயே செய்தாள். அவளுடைய மலை, அவளுடைய கொழுந்து. வளர்த்ததை அவளே முறித்து அவளே மண்ணில் போட்டாள். முறிக்கும்போது அழுதுகொண்டே முறித்தாள், எங்களுக்குத் தெரியும்படி.

லொறி வந்தது. கணக்கப்பிள்ளை இறங்கி வந்து செடிக்கடியில் கிடந்ததைப் பார்த்து அசந்துபோனார்.

"என்னங்க இது? யாராவது கொழுந்தக் கீழ போடுவாங்களா?"

"மலைய பறிக்கச் சொன்னீங்க. பறிச்சிட்டேன் ஐயா. வந்து பாருங்க, ஒரு செடி வுடல. கைவிட்ட மலைன்னு சொல்ல ஏலாது."

"கொழுந்து?"

"என் கொழுந்துன்னு நீங்கதானே சொன்னீங்க."

அவர் ரோட்டில் நின்ற பெண்களைப் பார்த்தார், போனில் யாரிடமோ சிங்களத்தில் நிறைய நேரம் பேசினார். லொறி வெறுமனே திரும்பியது. பெண்கள் கைதட்டவில்லை, கோசமும் போடவில்லை. கூட்டாளி ரோட்டின் விளிம்பில் குந்தி, அக்கா கடைசிச் செடி வரை முடித்து மேலே ஏறி வரும் வரை அங்கேயே இருந்தாள். இரண்டு பேரும் ஒன்றாக நடந்து போனார்கள். நான் பின்னால் அழுதுகொண்டே போனேன். பயம் தெளிந்த அழுகை என்று அப்போது நினைத்தேன்.

அந்த வாரமே பேச்சுவார்த்தை நடந்து, கூட்டிய அளவில் கொஞ்சத்தைக் கம்பனி குறைத்தது. முழு வெற்றியும் இல்லை, தோல்வியும் இல்லை. அக்காவின் மலையை யாரும் எடுக்கவில்லை. ஆனால் இனி ஒரு வாரம்கூடக் கொழுந்து குறையக் கூடாது என்று கணக்கப்பிள்ளை சொல்லிவிட்டுப் போனார். மேல்மாடியில் நான் இந்தக் கதையைச் சொன்னபோது ஆட்டோக்காரர் எழுந்து நின்றே கைதட்டினார். மலை, கூட்டாளி இரண்டையும் காப்பாற்றிவிட்டாள் என்று நானும் பெருமையாகத்தான் சொன்னேன்.

அடுத்து நான் தோட்டத்துக்குப் போனது, மட்டம் எடுத்த செடியில் புதுக்கொழுந்து வந்த ஒரு ஞாயிறு. அக்கா என்னையும் மகளையும் கூட்டாளியையும் மலைக்கு இறக்கியிருந்தாள். என் கை வேகத்தைப் பார்த்துக் கூட்டாளி கிண்டல் பண்ணினாள், "தங்கச்சி பறிக்கிற வேகத்துல அடுத்த எலக்சன் வந்துரும்" என்று. அக்கா சிரிக்கவில்லை. அவள் ரோட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள். லொறி வருவதற்குள் அளவு சேர வேண்டும், சேராவிட்டால் கணக்கப்பிள்ளை சொன்னது நடக்கும். அந்தப் பயம் அவளுடைய முகம் முழுக்க இருந்தது. நான் அதைப் பார்த்தேன், ஆனால் அது எங்கே போய் முட்டும் என்று யோசிக்கவில்லை.

கூட்டாளி தன் சாக்கைக் கொண்டுவந்து தராசில் மாட்டினாள். அக்கா முள்ளைப் பார்த்தாள்.

"இவ்வளவுதானா? இன்னுங் கொஞ்சம் எடுத்துட்டு வா. இது அரைப்பேருக்குக்கூடக் காணாதே."

சொன்ன பிறகுதான் அவளுக்கே கேட்டது போல. வாயைப் பொத்திக்கொண்டாள். கூட்டாளி சாக்கைக் கழற்றி முதுகில் போட்டுக்கொண்டு திரும்பவும் மேலே ஏறினாள். "ஏய், வேணாம், நான் சும்மா சொன்னேன், வா" என்று அக்கா கத்தினாள். அவள் திரும்பிப் பார்க்கவில்லை. கங்காணி சொன்னால் எப்படிப் போவார்களோ அப்படிப் போனாள், கோபமும் இல்லாமல், அவசரமும் இல்லாமல். அக்கா என்னைப் பார்த்தாள். நான் செடியின் பக்கம் திரும்பிப் பறிக்கத் தொடங்கினேன்.

லொறி ஹார்ன் அடிக்கும் நேரத்துக்கு அவள் சாக்கை நிரப்பிக்கொண்டு இறங்கினாள். அளவு சரியாக இருந்தது. அக்கா கூலியைக் கொடுத்தாள், அவள் அதை முந்தானையில் முடிந்துகொண்டாள். இத்தனை காலமும் ஞாயிறு காலையில் அவளாகவே வந்து நிற்பாள், யாரும் யாரையும் எதுவும் கேட்டதில்லை. அன்றைக்கு ரோட்டுக்கு ஏறும் முன் நின்று அக்காவிடம் கேட்டாள்.

"அடுத்த ஞாயித்துக்கெழம ஆள் வேணுமா?"

அக்கா அந்த மலையைத் திரும்பிப் பார்த்தாள். பிறகு, "வேணும்" என்றாள்.